பறந்த நேரத்தைக் கொண்டு தனிமத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஓர் அணுவைத் தராசில் வைத்து நிறுக்க முடியாது. ஆனால் அதற்கு எவ்வளவு ஆற்றல் கொடுத்தோம் என்பதும், அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு அது எவ்வளவு வேகமாக ஓடியது என்பதும் தெரிந்தால் அதன் நிறையைக் கணக்கிட்டுவிடலாம். பறக்கும் நேர நிறை நிறமாலைமானி என்னும் கருவி இதைத்தான் செய்கிறது. இந்த யோசனையை 1946இல் வில்லியம் ஸ்டீபன்ஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் முன்வைத்தார். பள்ளியில் படித்த இயக்க ஆற்றல் சூத்திரத்துக்கு மேல் இதற்கு வேறு கணிதம் தேவையில்லை. தடுக்கி விழும் இடமெல்லாம் அலகு மாற்றத்தில்தான் இருக்கிறது.

பயிற்சிக்காக இப்படி ஒரு கணக்கை அமைத்துக்கொள்வோம். பெயர் தெரியாத ஓர் உலோகத்தின் அணுக்களிலிருந்து தலைக்கு ஓர் எலக்ட்ரானை நீக்கி, அந்த அயனிகளை 2000 வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டின் வழியே முடுக்கி, 80.0 செ.மீ. நீளமுள்ள வெற்றிடக் குழாய்க்குள் விடுகிறோம். மறுமுனையில் உள்ள உணரியை ஒரு கூட்டம் 10.22 மைக்ரோவினாடியிலும், இன்னொரு கூட்டம் 10.38 மைக்ரோவினாடியிலும் வந்தடைகின்றன. வந்த அயனிகளில் 69 விழுக்காடு முதல் கூட்டத்தையும் 31 விழுக்காடு இரண்டாவதையும் சேர்ந்தவை.

முதல் வேலை, சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்பே எல்லா எண்களையும் மீட்டர், வினாடி, ஜூல் ஆகியவற்றுக்கு மாற்றிவிடுவது. ஓர் எலக்ட்ரானை இழந்த அயனி 2000 வோல்ட்டைக் கடக்கும்போது 2000 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைப் பெறுகிறது. ஓர் எலக்ட்ரான் வோல்ட் 1.602 × 10⁻¹⁹ ஜூல் என்பதால், நம் அயனியின் ஆற்றல் 3.204 × 10⁻¹⁶ ஜூல். குழாயின் நீளம் 0.800 மீட்டர், முதல் கூட்டத்தின் நேரம் 10.22 × 10⁻⁶ வினாடி.

அடுத்தது வேகம். 0.800ஐ 10.22 × 10⁻⁶ஆல் வகுத்தால் வினாடிக்கு 78,280 மீட்டர் கிடைக்கிறது. இதன் வர்க்கம் 6.127 × 10⁹.

இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. நமக்கு வேண்டியது நிறை என்பதால் சூத்திரத்தைத் திருப்பிப் போடுகிறோம்:

நிறை = 2 × ஆற்றல் ÷ வேகம்²

6.408 × 10⁻¹⁶ஐ 6.127 × 10⁹ஆல் வகுத்தால் 1.046 × 10⁻²⁵ கிலோகிராம். கணிப்பானில் இதைத் தட்டும்போது வகுக்கும் எண்ணை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். போடாவிட்டால் கணிப்பான் 6.127ஆல் மட்டும் வகுத்துவிட்டு, 10⁹ஆல் பெருக்கிவிடும். விடை 10¹⁸ மடங்கு பிசகும். நானே இந்தப் பிழையைச் செய்துவிட்டு, சூத்திரம்தான் தவறோ என்று அரை மணி நேரம் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கிலோகிராமில் உள்ள இந்த எண் தனிம வரிசை அட்டவணையோடு பேசாது. அதை அணு நிறை அலகுக்கு மாற்ற, 1.6605 × 10⁻²⁷ஆல் வகுக்க வேண்டும்: 62.98. இரண்டாவது கூட்டத்துக்கும் இதே வழியில் சென்றால் வேகம் 77,070 மீ/வி, நிறை 64.97.

விடையின் அளவைப் பார்த்தே அலகுப் பிழையைப் பிடித்துவிடலாம். சென்டிமீட்டரை மாற்ற மறந்தால் வேகம் 100 மடங்கு கூடி, நிறை 10,000 மடங்கு குறைந்து, 0.0063 என்று வரும். ஹைட்ரஜனை விட இலேசான அணு கிடையாது. எலக்ட்ரான் வோல்ட்டை மாற்ற மறந்தாலோ ஓர் அணுவின் நிறை 0.65 மில்லிகிராம் என்று வந்து நிற்கும்.

இனி அடையாளம் காணும் படி. அட்டவணையில் 62.98 என்றும் 64.97 என்றும் எந்தத் தனிமமும் இல்லையே என்று தொடக்க நிலை மாணவர்கள் திகைப்பது இங்கேதான். அட்டவணையில் அச்சிட்டிருப்பது ஐசோடோப்புகளின், அதாவது ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணு வகைகளின், சராசரி நிறை; கருவி அளப்பதோ ஒவ்வோர் ஐசோடோப்பையும் தனித்தனியாக. நம் அளவீட்டின் நேரம் 0.005 மைக்ரோவினாடி முன்பின் இருக்கலாம். நேரம் சூத்திரத்தில் வர்க்கமாக நுழைவதால் நிறையில் அது ஏறத்தாழ 0.06 அலகு தவறாகிறது. ஆகவே நம் கையில் இருப்பவை நிறை எண் 63, 65 ஆகிய இரண்டு ஐசோடோப்புகள் என்று தயங்காமல் சொல்லலாம். சராசரியையும் எடுத்துப் பார்ப்போம்: 0.69 × 62.98 + 0.31 × 64.97 = 63.60. அட்டவணையில் நிக்கல் 58.69, துத்தநாகம் 65.38, இடையில் 63.55 என்று நிற்பது தாமிரம். நிறை எண் 63இலும் 65இலும் நிலையான ஐசோடோப்பு உள்ள தனிமம் அது ஒன்றுதான் என்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை.

சில அயனிகள் இரண்டு எலக்ட்ரான்களை இழந்திருந்தால் என்ன ஆகும்? அவை 4000 எலக்ட்ரான் வோல்ட் பெற்று, 7.23 மைக்ரோவினாடியிலேயே வந்துவிடும். நாம் 2000 என்றே போட்டுக் கணக்கிட்டால் நிறை 31.5 என்று வரும். பாஸ்பரஸின் 31க்கு அருகில் இருப்பதால் ஏமாந்துவிட வாய்ப்புண்டு. இப்படி அரை எண்ணில் வரும் விடையைக் கண்டால், முதலில் மின்னூட்டத்தைச் சந்தேகியுங்கள்.

நிறை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாத இடங்களும் உண்டு. ஆர்கான்-40இன் நிறை 39.962, கால்சியம்-40இன் நிறை 39.963. நம் கணக்கின் துல்லியத்தில் இவ்விரண்டையும் பிரிக்கவே முடியாது. ஆர்கான் பிளாஸ்மாவை (அயனிகளாகப் பிரிந்த, மிகச் சூடான ஆர்கான் வாயுவை) பயன்படுத்தும் நிறமாலைமானிகளில் கால்சியத்தை அளப்பவர்கள் இதனால்தான், கால்சியத்தில் 97 விழுக்காடாக உள்ள 40ஐ விட்டுவிட்டு, 2 விழுக்காடு அளவிலேயே இருக்கும் 44ஐத் தேடிப் போகிறார்கள்.