புதிய உரிமத்துடன் எண்ணெய் வயலில் லாரி ஓட்டும் வேலை

அமெரிக்காவில் கனரக வாகன உரிமம் இப்போதுதான் பெற்றவர்கள், டெக்சஸின் மிட்லண்ட், ஒடெசா அல்லது வடக்கு டகோட்டாவின் வில்லிஸ்டன் பகுதி எண்ணெய் வயல்களில் வேலை தேடும்போது, கச்சா எண்ணெய் ஏற்றும் நிறுவனங்களை முதலில் அணுக வேண்டியதில்லை. காப்பீட்டு நிபந்தனைகளை முன்னிட்டு அவற்றில் பல, ஓரிரு ஆண்டு அனுபவத்தைக் கேட்கும். கிணறுகளுக்கு நன்னீர் கொண்டுசெல்லும் அல்லது எண்ணெயோடு வெளிவரும் உப்புநீரை அகற்றும் லாரிகளிலும், கிணறுகளுக்கு மணல் ஏற்றிச்செல்லும் லாரிகளிலும் புதியவர்களுக்கு வாய்ப்புச் சற்று அதிகம்.

டிரெய்லர் இணைத்த பெரிய லாரிகளுக்கான 'ஏ' வகுப்பு உரிமத்துடன், திரவம் ஏற்றும் தொட்டி லாரிகளை ஓட்டுவதற்கான கூடுதல் அனுமதியான டேங்கர் ஒப்புதலையும் பெற்றுவிடுங்கள். இந்த ஒப்புதலுக்கு எழுத்துத் தேர்வு மட்டுமே உண்டு. அபாயப் பொருள் ஒப்புதலுக்குக் கைரேகைப் பதிவும் பின்னணிச் சோதனையும் தேவைப்படுவதால் வாரக்கணக்கில் இழுக்கக்கூடும். ஆகவே வேலை கிடைத்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்றிராமல் முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது. ஆட்டோமேட்டிக் கியர் லாரியில் ஓட்டுநர் தேர்வு கொடுத்தால், கையால் கியர் மாற்றும் லாரிகளை ஓட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு உரிமத்தில் பதிவாகிவிடும். பழைய லாரிகள் இன்னும் ஓடும் இத்தொழிலில் அது வீண் இடையூறு.

எண்ணெய்க் கிணறுகளில் வெளிவரக்கூடிய நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு குறித்த பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் கையிலிருக்கட்டும். அவ்வாயு முதலில் அழுகிய முட்டைபோல நாறினாலும், செறிவு கூடியதும் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போகும் என்பதால், இப்பயிற்சியை வெறும் சடங்காக நினைக்க வேண்டாம்.

நேர்காணலில், கிணற்றடியில் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா, இல்லை நடைக்கணக்கு மட்டுமா என்பதைத் தயங்காமல் கேளுங்கள். சரக்கு இறக்க மணிக்கணக்கில் வரிசையில் நிற்பது அங்கே சாதாரணம்.