பழைய கலர் கண்ணாடி மீன், வாத்து, யானை: செய்தது யார் என்று கண்டுபிடிக்கும் முறை

வட ஆற்காட்டுப் பக்கம் பழைய வீட்டு ஷோகேஸைத் திறந்தால் கலர் கண்ணாடியில் ஒரு மிருகமாவது நிற்கும். வால் தூக்கிய மீன், கழுத்து வளைந்த வாத்து, தும்பிக்கை உயர்த்திய யானை. தோல் வியாபாரத்துக்காக இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் போய்வந்த ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விசாரம் குடும்பங்களில் யாராவது வாங்கி வந்திருக்கலாம். வேலூர் சி.எம்.சி.யில் வேலை பார்த்த வெளிநாட்டு டாக்டர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். திருவிழாக் கடையில் வாங்கியதாகவும் இருக்கலாம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புதிதாகப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. காரணம், கண் முதலில் நிறத்துக்குப் போகிறது. நிறம் செய்தவர் பெயரைச் சொல்லாது. கோபால்ட் சேர்த்தால் எந்த ஊர்க் கண்ணாடியும் நீலம்தான். பொம்மையைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பாருங்கள். பாதி விவரம் அங்கேதான் இருக்கிறது.

தேவையானவை: நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ், ஒரு சின்ன டார்ச், 365 நானோமீட்டர் யுவி டார்ச், 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, நூல், அகலமான பிளாஸ்டிக் டப்பா, முகப்பவுடர், தடிமனான துண்டு. எல்லா வேலையையும் மேஜைமேல் துண்டு விரித்து அதன்மேல் செய்யுங்கள். மொசைக் தரைக்கு மேலே கையில் பிடித்துக்கொண்டு பார்க்கவே வேண்டாம்.

படி 1: கழுவும் முன் படம் எடுங்கள்

அழுக்காக இருக்கிறதே என்று நேராகக் குழாயடிக்குக் கொண்டுபோவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. அடியிலோ வயிற்றிலோ ஒட்டியிருக்கும் பேப்பர் லேபிள் தண்ணீர் பட்டால் ஊறி உரிந்துவிடும். பொம்மையோடு வந்த ஒரே எழுத்து ஆதாரம் அதுவாக இருக்கலாம். மங்கிப்போன தங்க நிறத் தாள், பாதி கிழிந்த ஓரம், எதையும் சுரண்டாதீர்கள். எப்படி இருக்கிறதோ அப்படியே படம் எடுங்கள்: முன்பக்கம், பின்பக்கம், இரு பக்கவாட்டு, அடி, லேபிள். பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் ஒன்றை வையுங்கள். அதன் விட்டம் 27 மி.மீ., அளவு தெரிந்துவிடும்.

வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். "பெரியப்பா, இதை எந்த ஊர்ல வாங்கினீங்க, எந்த வருஷம், கடையிலயா, யாராவது குடுத்தாங்களா?" இந்தக் கேள்விக்கு வரும் பதில் வாங்கிய ஊரைச் சொல்லும், செய்த ஊரைச் சொல்லாது. துபாய் கடையில் வாங்கிய மீன் செக் நாட்டில் செய்ததாக இருக்கலாம்.

படி 2: கழுவுதல்

லேபிள் இல்லாத பகுதியை மட்டும், அறை வெப்பத்தில் உள்ள தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு கலந்து, மெல்லிய துணியால் துடையுங்கள். பல வருடம் கொலுப்படியிலும் சாமி அலமாரியிலும் இருந்த பொம்மைமேல் எண்ணெய்ப் புகையும் ஊதுபத்திப் புகையும் படிந்து மெல்லிய மஞ்சள் படலம் இருக்கும். நிறமில்லாத கண்ணாடிகூட அதனால் தேன் நிறமாகத் தெரியும்.

நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பானது. அப்படியே காயவிட்டால் வெள்ளைத் திட்டு விழும். அதைப் பழங்காலத் தேய்மானம் என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு. கடைசி அலசல் ஆர்.ஓ. தண்ணீரில் இருக்கட்டும். வெயிலில் சுட்ட பொம்மையைக் குளிர்ந்த தண்ணீரில் போடாதீர்கள். கெட்டிக் கண்ணாடியில் வெளிப்புறம் சட்டென்று சுருங்கும், உள்ளே சூடு அப்படியே நிற்கும். அந்த இழுப்பில் விரிசல் விடும்.

படி 3: அடியைப் படிப்பது

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். உலையில் உருகிய கண்ணாடியைக் கையால் உருவாக்கும்போது, கடைசிக்கட்ட வேலைக்காக பான்டில் என்னும் இரும்புக் கம்பியின் முனையில் அதை ஒட்டிப் பிடிப்பார்கள். வேலை முடிந்ததும் தட்டி உடைத்து எடுப்பார்கள். அந்த இடத்தில் தழும்பு நிற்கும். தழும்பு சொரசொரப்பாக அப்படியே இருந்தால் மெருகு போடாமல் விட்ட வேலை. வழவழப்பான குழியாக இருந்தால் சக்கரத்தில் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். அடி முழுவதும் கண்ணாடி மேஜைபோலத் தட்டையாக மெருகேறியிருந்தால் அதற்குக் கூடுதல் உழைப்பு போயிருக்கிறது. இத்தாலியில் வெனிஸுக்குப் பக்கத்துக் கண்ணாடித் தீவான முரானோவின் கெட்டிப் பொம்மைகள் பலவற்றில் இப்படி இருக்கும்.

தழும்பே இல்லாமல் உடம்பின் நடுவே முடிபோல மெல்லிய கோடு ஓடினால் அது அச்சுக்கோடு, அதாவது அச்சில் அழுத்திச் செய்தது. பாதங்களுக்கு இடையிலும் வால் அடியிலும் லென்ஸ் வைத்துத் தேடுங்கள். மற்ற இடங்களில் நெருப்புக் காட்டி அதை மறைத்துவிடுவார்கள். தழும்பும் இல்லை, கோடும் இல்லை, கால்கள் தீக்குச்சிபோல மெல்லிசு என்றால், கண்ணாடிக் குச்சியை விளக்குச் சுடரில் உருக்கி இழுத்துச் செய்தது. ஜெர்மனியின் லவுஷா ஊர் இதற்குப் பேர்போனது. நம் ஊர்த் திருவிழாக் கடைக்கு வரும் சின்ன மான், அன்னமும் இதே முறைதான்.

அடுத்து தேய்மானம். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து அடியைப் பாருங்கள். பல வருடம் அலமாரியில் நகர்த்தி நகர்த்தி வைத்த பொம்மையில், தரையைத் தொடும் விளிம்பில் மட்டும் கீறல்கள் இருக்கும்; ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில், ஒவ்வொரு ஆழத்தில். எல்லாக் கீறலும் ஒரே திசையில் ஓடி, தரையைத் தொடாத குழிக்குள்ளும் இருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

கையெழுத்து பொறித்திருந்தால் அதையும் இந்தக் கீறல்களோடு சேர்த்துப் பாருங்கள். பழைய கீறல்கள் எழுத்தின் கோட்டை வெட்டிக்கொண்டு போனால் எழுத்து முதலில், தேய்மானம் பிறகு. எழுத்து கீறல்களை வெட்டிப் புதுசாகப் பளிச்சென்று தெரிந்தால், விற்பவர் யாரோ பின்னால் எழுதியது. இந்த ஒரு சோதனை பல ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றும்.

ஆசிட்டால் அரித்துப் பதித்த முத்திரை கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலாக இருக்கும். அடியில் வாயால் ஊதி ஆவி படியச் செய்து உடனே சாய்வாகப் பாருங்கள். தெரியவில்லையா, துளி முகப்பவுடரை விரலால் தேய்த்து, உலர்ந்த துணியால் மேலாகத் துடையுங்கள். பள்ளத்தில் தங்கிய பவுடர் எழுத்தைக் காட்டும்.

படி 4: அடர்த்தி

தராசில் பொம்மையின் எடையை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு டப்பாவில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பொம்மையை நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாதபடி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் பொம்மையின் கன அளவு. எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி.

618 கிராம் மீன், தண்ணீரில் தொங்கும்போது தராசு 245 காட்டினால் 2.52. இது சாதாரண சோடா கண்ணாடி; முரானோ வேலைகள் பெரும்பாலும் இந்த வகை. அதே எடைக்குத் தராசு 206 காட்டினால் 3.0. இது ஈயப் படிகம். ஐரோப்பிய விதிப்படி 24 சதவீத ஈய ஆக்சைடு உள்ள படிகத்துக்கு அடர்த்தி குறைந்தது 2.90, 30 சதவீதத்துக்கு 3.00. பாக்கரா, டோம் போன்ற பிரெஞ்சு நிறுவனங்கள் இந்தப் பக்கம். முரானோ என்று விற்கும் பொம்மை 3.0 காட்டினால் அந்தப் பெயரை நம்பும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

எங்கே தப்பும்? உள்ளே கூடாக இருக்கும் பொம்மைக்கு இந்தக் கணக்கு செல்லாது. கண்ணாடியில் குமிழ்கள் நிறைய இருந்தாலும் அடர்த்தி குறைத்துக் காட்டும். 50 கிராமுக்குக் கீழே உள்ளதற்கு 1 கிராம் தராசு போதாது, 0.1 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும். நூலில் ஒட்டிய காற்றுக்குமிழைத் தட்டிவிடுங்கள். பேப்பர் லேபிள் உள்ள பொம்மைக்கு இந்தப் படியே வேண்டாம்.

படி 5: யுவி டார்ச்

இருட்டறையில் அடியுங்கள். பளீரென்று பச்சையாக ஒளிர்ந்தால் யுரேனியம் சேர்த்த கண்ணாடி. மங்கலான பச்சை என்றால் மாங்கனீசாக இருக்கலாம். சில மஞ்சள், ஆரஞ்சுக் கண்ணாடிகள் காட்மியத்தால் ஆரஞ்சாக ஒளிரும். பல நாட்டுப் பட்டறைகள் இவற்றைப் பயன்படுத்தியதால் இது பெயரைச் சொல்லாது. யுவி டார்ச்சின் பெரிய பயன் வேறு: ஒட்டிய கால், ஒட்டிய காது. பசை கண்ணாடியைவிட வேறு நிறத்தில் மெல்லிய வரியாகத் தெரியும். இளம் ஊதா நிறக் கண்ணாடி டியூப் லைட்டில் நீலமாக மாறினால் அதில் நியோடிமியம் இருக்கிறது.

படி 6: முத்திரையும் லேபிளும் சொல்லும் காலம்

நாட்டின் பெயரிலிருந்து தொடங்குங்கள். "வெஸ்ட் ஜெர்மனி" என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடையில். "ஆக்குபைட் ஜப்பான்" என்றால் போருக்குப் பிறகு 1952 வரையிலான சில வருடங்கள். "செக்கோஸ்லோவாக்கியா" என்றால் 1918 முதல் 1992 வரை.

அமெரிக்க அச்சுப் பொம்மைகளில் முத்திரை அதிகம். முட்டை வடிவத்துக்குள் ஃபென்டன் என்ற பெயர் 1970-ல் கார்னிவல் என்னும், வானவில்போல மினுங்கும் கண்ணாடி வகையில் வரத் தொடங்கியது. அதற்கு முந்தியவற்றில் ஒட்டு லேபிள் மட்டுமே. பெயருக்குக் கீழே 8 இருந்தால் 1980-கள், 9 இருந்தால் 1990-கள். சாய்சதுரத்துக்குள் 'எச்' இருந்தால் ஹெய்ஸி. ஆனால் 1957-ல் ஹெய்ஸி மூடியபின் அதன் அச்சுகளை இம்பீரியல் நிறுவனம் வாங்கி அதே மிருகங்களைச் செய்தது. ஆகவே வடிவம் பொருந்துகிறது என்பதால் ஹெய்ஸி என்று எழுதிவிடாதீர்கள். ஐ, ஜி எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தால் இம்பீரியல். சாய்சதுரத்துக்குள் 'பி' என்றால் ஒஹையோவின் பாய்ட். 1978-ல் தொடங்கி ஐந்து வருடத்துக்கு ஒரு கோடு சாய்சதுரத்தைச் சுற்றிச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். கோடுகளை எண்ணினால் காலம் கிடைத்துவிடும். இவ்வளவு நேர்மையான முத்திரை அபூர்வம்.

ஐரோப்பாவில் அடியில் ஆசிட்டால் வெட்ஜ்வுட் என்று இருந்தால், 1967-ல் இங்கிலாந்தின் கிங்ஸ் லின்னில் தொடங்கி 1969-ல் வெட்ஜ்வுட் வாங்கிய பட்டறையின் வேலையாக இருக்கும். பறவையின் அடியில் ஓ. டோய்க்கா, நூட்டாயார்வி என்று கையால் பொறித்திருந்தால் பின்லாந்து. அங்கே நூட்டாயார்வி பட்டறைக்கு வடிவமைத்த ஓய்வா டோய்க்காவின் பறவைகள் 1972 முதல் வருகின்றன.

படி 7: முரானோ என்ற சொல்

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். இரண்டு மூன்று நிறம் அடுக்கடுக்காகத் தெரிந்தால் எல்லோரும் முரானோ என்பார்கள். நிறக் கண்ணாடியை இன்னொரு கண்ணாடியில் முக்கி முக்கி எடுக்கும் இந்த முறைக்கு சொம்மெர்சோ என்று பெயர். 1930-களில் முரானோவில் வளர்ந்தது உண்மை. பிறகு செக் பட்டறைகள், ஜப்பான், சீனா என்று எல்லா இடத்திலும் செய்தார்கள்.

மீனை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, வயிற்றில் நிறம் முடிந்து அடுத்த நிறம் தொடங்கும் எல்லையை லென்ஸில் பாருங்கள். நல்ல கையில் செய்ததில் அந்த எல்லை கத்தியால் வெட்டியதுபோலச் சுத்தமாக, வளைவோடு சேர்ந்து ஓடும். அவசர வேலையில் எல்லை கலங்கி, இடையே தூசியும் ஒழுங்கற்ற குமிழும் சிக்கியிருக்கும். வால், துடுப்பு ஒட்டிய இடத்தையும் பாருங்கள்: சூடாக ஒட்டியது உடம்போடு உருகிக் கலந்திருக்கும், ஆறியபின் ஒட்டியதில் மயிரிழை இடைவெளி தெரியும். தங்கத்தாள் துகள் உள்ளே இருந்தால் அது இத்தாலிக்குச் சாதகம். முடிவான சாட்சி ஆகாது.

"முரானோ கிளாஸ், மேட் இன் இத்தாலி" என்ற பொது லேபிளைப் பல கடைகள் ஒட்டியிருக்கின்றன. அது பட்டறையின் பெயர் இல்லை. "வெட்ரோ ஆர்ட்டிஸ்டிகோ முரானோ" என்ற அதிகார முத்திரை 1994-ல் வெனெட்டோ மாநிலச் சட்டத்தோடு பிறந்தது. 1960-களின் பொம்மை என்று விற்பவர் அந்த முத்திரையைக் காட்டினால், ஒன்று பொம்மை புதியது, இல்லையென்றால் ஸ்டிக்கர் பின்னால் ஒட்டியது.

படி 8: ஒப்பிட்டு எழுதுவது

போனில் படத் தேடல் போட்டால் முதலில் வருவது விற்பவர்களின் பக்கங்கள். ஒருவர் தவறாக எழுதிய பெயரை இன்னொருவர் எடுத்து எழுதுவார். ஐம்பது பக்கத்தில் இருந்தாலும் மூலம் ஒன்றே. அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகம், ஒஹையோவின் ஹெய்ஸி அருங்காட்சியகம், முரானோவின் கண்ணாடி அருங்காட்சியகம் இவற்றின் தொகுப்புகளோடும் நிறுவனங்களின் பழைய கேட்லாக்குகளோடும் ஒப்பிடுங்கள். நிறத்தை விட்டுவிடுங்கள். உயரம், கண் வைத்த விதம், அடியின் வடிவம், வால் திரும்பும் பக்கம்: நான்கும் பொருந்த வேண்டும்.

முடிவை மூன்று தரமாக எழுதுங்கள். முத்திரை அல்லது நம்பத்தக்க லேபிள் இருந்தால் "செய்தவர் இன்னார்". கேட்லாக் மட்டும் பொருந்தினால் "இன்னார் செய்ததாகத் தெரிகிறது". முறை மட்டும் தெரிந்தால் இப்படி:

"மீன். உயரம் 21 செ.மீ., எடை 618 கிராம், அடர்த்தி 2.52. பச்சை, தேன் நிறம், நிறமற்றது என மூன்று அடுக்கு. அடி தட்டையாக மெருகேற்றியது, விளிம்பில் இயல்பான தேய்மானம். முத்திரை இல்லை. சொம்மெர்சோ முறை; பட்டறை தெரியவில்லை."

இதுவும் நல்ல பதிவுதான். இதில் ஒரு பிரபலமான பெயரை ஆசைப்பட்டுச் சேர்த்தால், அடுத்து வாங்குபவர் அந்தப் பெயரை நம்பிப் பணம் கொடுப்பார்.

பதிவு அட்டையைப் பொம்மையோடு ஒரு டப்பாவில் வையுங்கள். கொலுவுக்கு எடுக்கும்போது எண் எழுதிய ஸ்டிக்கரைக் கண்ணாடிமேல் ஒட்டாதீர்கள். நம் வெயிலில் பசை இளகி அடியில் படர்ந்து, படி 3-ல் பார்த்த கீறலையும் முத்திரையையும் மூடிவிடும். நூலில் ஒரு சின்ன அட்டையைக் கட்டினால் போதும்.