புது அட்மெகா328பி சிப்பில் பூட்லோடர் ஏற்றுவது எப்படி?

தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் கிணற்று மோட்டரை நிறுத்துகிற சின்னச் சுற்றுக்காக ஒரு முழு ஆர்டுயினோ ஊனோ போர்ட்டையே பெட்டிக்குள் பூட்டிவிட வேண்டாம். ஊனோவில் இருக்கும் அட்மெகா328பி சிப் மட்டும் தனியாகப் போதும். ஆனால் புதுச் சிப்பில் பூட்லோடர் (நாம் எழுதும் நிரலைச் சிப்பில் ஏற்ற உதவும் சின்ன நிரல்) இராது; அதைக் கையிலிருக்கும் ஊனோவாலேயே ஏற்றலாம்.

முதலில் ஊனோவில் 'ஆர்டுயினோ ஐஎஸ்பி' என்ற எடுத்துக்காட்டு ஸ்கெட்ச்சை (நிரலை) ஏற்றுங்கள்; அது ஊனோவை வேறு சிப்புக்கு நிரல் ஏற்றும் கருவியாக மாற்றும். ஏற்றி முடிந்த பிறகுதான் ஊனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 10 மைக்ரோஃபராட் கப்பாசிட்டரைச் செருக வேண்டும் (பிளஸ் கால் ரீசெட்டில்). முதலே செருகினால் ஸ்கெட்ச் ஏறாது. செருகாமலே விட்டால், கணினி யூஎஸ்பி இணைப்பைத் திறக்கும்போது ஊனோ ரீசெட் ஆகித் தன் பூட்லோடருக்குப் போய்விடும்.

சிப்பின் வெட்டு இடப்பக்கம் இருக்க, கீழ் இடது மூலையில் 1ஆம் கால். ஊனோவின் 10, 11, 12, 13 முறையே சிப்பின் 1, 17, 18, 19க்கு. 5 வோல்ட் 7க்கும் 20க்கும், கிரவுண்ட் 8க்கும் 22க்கும். 20, 22ஐ விட்டுவிடாதீர்கள். 1ஆம் காலிலிருந்து 5 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம், 7க்கும் 8க்கும் இடையே 100 நானோஃபராட்.

பலர் சறுக்குவது, சிப்புக்கு வெளியிலிருந்து கடிகாரத் துடிப்பைத் தரும் கிரிஸ்டலில்தான். புதுச் சிப் தன் உள் கடிகாரத்தில் 1 மெகாஹேர்ட்ஸில் ஓடும். அதனால் கிரிஸ்டல் இல்லாமலும் ஊனோவுக்குப் பதில் சொல்லும். ஆனால் பூட்லோடர் ஏற்றும்போது ஃபியூஸ்களும் (எந்தக் கடிகாரத்தில் ஓடுவது போன்றவற்றைக் குறிக்கும் சிப்பின் உள் அமைப்புகள்) மாறுகின்றன. அந்தக் கணத்திலிருந்து சிப் வெளிக் கிரிஸ்டலையே எதிர்பார்க்கும். கிரிஸ்டல் இல்லையென்றால் வாயே திறக்காது. "சிப் செத்துப்போச்சு" என்று எறிந்துவிடாதீர்கள்: சிப்பின் 9, 10ஆம் கால்களில் 16 மெகாஹேர்ட்ஸ் கிரிஸ்டலையும், ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு 22 பிகோஃபராட்டையும் போட்டால் எழும்பிவிடும். கிரிஸ்டலை நீள வயரில் தொங்கவிடாமல் கால்களுக்குப் பக்கத்திலேயே குத்துங்கள்.

இனி ஆர்டுயினோ மென்பொருளில் போர்ட் (Board) 'ஊனோ', புரோகிராமர் 'ஆர்டுயினோ ஆஸ் ஐஎஸ்பி' எனத் தெரிவு செய்து 'பேர்ன் பூட்லோடர்' அழுத்துங்கள். பட்டியலில் 'ஆர்டுயினோஐஎஸ்பி' என்று வேறொன்றும் உண்டு, அது இதற்கல்ல. முடிந்ததும் 19ஆம் காலில் 1 கிலோ ஓமுடன் எல்ஈடி மாட்டிப் பாருங்கள், சிமிட்டும். இடையில் கரண்ட் நின்றால் பயமில்லை, கிரிஸ்டல் இருக்கும்வரை திரும்ப ஏற்றலாம்.

ஒன்றிரண்டு சிப்புக்கு ஊனோ தாராளம். அடிக்கடி செய்பவர்கள் யூஎஸ்பிஏஎஸ்பி என்ற தனிப் புரோகிராமர் ஒன்று வாங்குவதே நல்லது.

பிற்சேர்க்கை: கையொப்பப் பிழை வந்தால், சிப் தன் வகையைச் சொல்லும் அந்தக் கையொப்ப எண்ணைப் பாருங்கள். முழுக்கப் பூச்சியம் என்றால் பெரும்பாலும் வயர்தான். 14 என்று முடிந்தால் உங்களிடம் இருப்பது 'பி' இல்லாத 328; ஊனோ அமைப்பு அதை ஏற்காது. வாங்கும்போதே சிப்பின் முதுகில் அந்த எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.