வாடிய பயிருக்கு யூரியா போடலாமா?

பயிர் வாடி வெளுத்தால் உடனே யூரியா மூட்டையைப் பிரிக்க வேண்டாம். முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஈரமே இல்லையென்றால் வேர் தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுக்காது, ஏனென்றால் அது நீரில் கரைந்துதான் உள்ளே போகிறது. ஈரம் வரும்வரை பொறுப்பதே நல்லது.

ஈரம் இருந்தாலும் யூரியாவை மேலாகத் தூவிவிட்டுப் போகக் கூடாது. அதில் 46 சதவீதம் தழைச்சத்து. வெயிலிலும், காரத்தன்மை மிகுந்த களர் மண்ணிலும் அதில் கணிசமான பங்கு அம்மோனியாவாகப் பறந்துவிடும். தோட்டப் பயிரென்றால் மண்ணில் கிளறி மூடுங்கள், அல்லது தூவிய கையோடு தண்ணீர் பாய்ச்சுங்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுவதும் அவசியம்.

நெல்லுக்கு இலை வண்ண அட்டை இருக்கிறது; இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டை அது. முழுதாக விரிந்த இளம் இலையை, உங்கள் நிழலில் வைத்து, காலையில் ஒப்பிடுங்கள். 10 இலைகளில் 6 அல்லது அதற்கு மேல் அட்டையில் உங்கள் ரகத்துக்குச் சொன்ன நிற அளவைவிட வெளுத்திருந்தால்தான் மேலுரமாக யூரியா போட வேண்டும். கண்ணளவை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்புறம், சாம்பல் சத்தை (பொட்டாசியத்தை) மறந்துவிடாதீர்கள். இலைத்துளைகள் திறந்து மூடுவதற்கு அதுதான் உதவுகிறது. தழைச்சத்து மட்டும் ஏறினால் பயிர் கொழுகொழுவென வளரும், ஆனால் வறட்சியில் சீக்கிரம் துவண்டுவிடும், பூச்சியும் தேடி வரும்.