கேமராவை மாற்றினேன், கோளாறு காதில் இருந்தது

"சார், கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. எல்லாத்தையும் மெயில்ல போட்டுடுங்களேன்."

வீடியோ மீட்டிங்கில் விலை விவரத்தைப் பத்து நிமிடம் மூச்சுவிடாமல் விளக்கி முடித்த பிறகு வாடிக்கையாளர் சொன்னது இது. நெட் வேகம் போதவில்லை என்று நானே முடிவுகட்டி பிளானை உயர்த்தினேன். கையோடு 4கே கேமராவும் வாங்கினேன். அடுத்த மீட்டிங்கிலும் அதே கிணறு. மூக்கின் மேலிருந்த பரு மட்டும் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

அதுவும் தெரிந்திருக்காது என்பது பிறகுதான் புரிந்தது. வழக்கமான மீட்டிங்கில் படம் 720பி, மிஞ்சிப்போனால் 1080பி. இரண்டுமே 4கேயைவிட மிகக் குறைந்த தெளிவு. பத்துப் பேர் ஆளுக்கொரு சின்னக் கட்டத்தில் உட்கார்ந்திருந்தால் ஆப் அதையும் குறைத்துத்தான் அனுப்பும்.

ஜூம், கூகுள் மீட், டீம்ஸ் எதுவானாலும் கீழே உள்ள வரிசை பொருந்தும். ஆப்பை நிறுவுவது, லிங்க் அனுப்புவது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

படி 1: ப்ளூடூத் ஹெட்செட்டைச் சந்தேகப்படுங்கள்

"பாட்டு இவ்வளவு நன்றாகக் கேட்கிறதே, மீட்டிங்கில் மட்டும் என்ன வந்துவிடப் போகிறது?" என்னைக் கவிழ்த்தது இந்த நினைப்புதான்.

பாட்டு கேட்கும்போது ஒலி ஒரே திசையில் போகிறது, காதுக்கு மட்டும். மைக்கையும் இயக்கியதும் பெரும்பாலான ப்ளூடூத் ஹெட்செட்டுகள் வேறொரு முறைக்கு, அதாவது போன் பேசுவதற்கென்று வைத்திருக்கும் முறைக்குத் தாவிவிடும். பாட்டுக்கு ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து மாதிரி (சாம்பிள்) எடுத்த இடத்தில் இப்போது 16,000, பழைய ஹெட்செட் என்றால் வெறும் 8,000. எட்டாயிரம் என்றால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி எதுவும் போய்ச் சேராது. 'ஸ', 'ஃப' இரண்டையும் பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. "ஃபிஃப்டியா, சிக்ஸ்டியா?" என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஏன் என்று இப்போது தெரிகிறது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஹெட்செட்டில் ஒரு பாட்டை ஓடவிட்டு, மீட்டிங் ஆப்பின் ஆடியோ அமைப்பில் மைக் சோதனையை அழுத்துங்கள். பாட்டு சட்டென்று பழைய ரேடியோ மாதிரி சுருங்கினால் ஆள் அகப்பட்டுவிட்டார்.

சரி, என்ன செய்வது? அதே அமைப்பில் ஸ்பீக்கருக்கு ஒரு பட்டியல், மைக்குக்கு ஒரு பட்டியல் இருக்கும். ஸ்பீக்கரில் ஹெட்செட்டை வைத்துக்கொள்ளுங்கள், மைக்கில் லேப்டாப் மைக்கைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் தனித்தனி என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. 'சிஸ்டத்தில் உள்ளபடி' என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். ஹெட்செட்டை இணைத்த மறுகணம் மைக் மறுபடி அங்கேயே ஓடிவிடும்.

என்னைக் கேட்டால், கம்பி வைத்த யூஎஸ்பி ஹெட்செட்தான். சார்ஜ் தீராது, பேச்சின் நடுவே இணைப்பு அறாது. கால் சென்டர் மாதிரி இருக்கிறது என்று வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். மைக் வாய்ப்பக்கம் இருப்பது அதைவிடப் பெரிய லாபம். தூரம் இரட்டிப்பானால் உங்கள் குரல் சுமார் 6 டெசிபல் இறங்கும், ஆனால் அறையின் எதிரொலி அப்படியே நிற்கும். கிணறு அங்கிருந்தும் வரலாம்.

படி 2: ஸ்பீட் டெஸ்டை நம்பாதீர்கள்

குழு மீட்டிங்கில் 720பி படத்துக்கு ஜூம் கேட்பது சுமார் 2.6 எம்பிபிஎஸ் அப்லோடு, 1.8 டவுன்லோடு. அவ்வளவுதான். 100, 200 என்று விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் டவுன்லோடு வேகம், உங்கள் முகமும் குரலும் போவதோ அப்லோடில். அதைவிட முக்கியம், அந்த வேகம் சீராக இருப்பது.

ரூட்டரின் முகவரிக்கு ஒரு நிமிடம் பிங் ஓடவிடுங்கள். சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று காட்டும் கட்டளை அது. அங்கேயே எண்கள் 3, 5, 240, 4 என்று எகிறினால் கோளாறு வைஃபையில். ரூட்டரின் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறுங்கள், அல்லது கேபிளைச் செருகுங்கள். ரூட்டர் வரை அமைதி, வெளியே ஏதாவது ஒரு தளத்துக்குப் பிங் செய்தால் ஆட்டம் என்றால் லைனில். அப்போதும் சேவை மையத்துக்குப் போன் போடுமுன், பின்னணியில் ஏதாவது கோப்புகளை மேலேற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். என் லேப்டாப்பில் போட்டோ பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது.

பேச்சுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் உறுத்தாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. பிங் காட்டுவது போய்த் திரும்பும் நேரம், அதனால் 300ஐத் தாண்டினால்தான் கவலை. தாண்டினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "நீங்க சொல்லுங்க", "இல்ல இல்ல, நீங்க சொல்லுங்க" என்று ஆரம்பிப்பீர்கள்.

படி 3: ஒரே அறையில் இரண்டு லேப்டாப்

"நான் மியூட்லதானே இருக்கேன்!" ஊளைச் சத்தம் கிளம்பியதும் எல்லோரும் சொல்வது. மியூட் மட்டும் போதாது. ஆப்பின் எதிரொலி நீக்கி, தன் ஸ்பீக்கர் என்ன ஒலித்தது என்று தெரிந்துவைத்துக்கொண்டு மைக்கில் அதைக் கழிக்கிறது. பக்கத்து லேப்டாப் ஸ்பீக்கர் என்ன ஒலித்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? அறைக்கு ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர். மற்றவர்கள் ஆடியோ இல்லாமல் சேருங்கள்.

படி 4: கேமரா

ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைக்காதீர்கள், முகத்துக்கு நேரே வையுங்கள். லேப்டாப்புக்கு அடியில் நாலு புத்தகம். முடிந்தது.

படி 5: பூட்டு

"என்கிரிப்ஷன் இருக்கிறது, நம்மைத் தவிர யாருக்கும் கேட்காது" என்பதும் பாதி உண்மைதான். சாதாரண மீட்டிங்கில் சாவி சேவை நிறுவனத்திடமும் இருக்கும். பேசுபவர்களிடம் மட்டுமே சாவி இருக்கும் முனைக்கு முனை பூட்டை (எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன்) ஜூம் 2020 அக்டோபரில்தான் கொண்டுவந்தது, அதை நீங்களாக இயக்க வேண்டும். இயக்கினால் கிளவுட் ரெக்கார்டிங் கிடைக்காது. சம்பளம், ஒப்பந்தம் பேசும் நாட்களில் மட்டும் நான் இயக்குகிறேன்.

பின்சேர்க்கை: படி 1ஐ அப்படியே செய்தும் குரல் வரவே இல்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். இரண்டு மூன்று முறை கேள்வி கேட்டபின்தான் விஷயம் வெளிவந்தது: பெரிய மானிட்டரை இணைத்து, மேக்புக்கை மூடிவைத்து வேலை செய்கிறார். மூடியதும் உள்மைக்கின் இணைப்பையே துண்டிக்கும்படிதான் இப்போதைய மேக்புக்குகளைச் செய்திருக்கிறார்கள். மற்ற லேப்டாப்களில் துண்டிக்காவிட்டாலும், மூடிக்குள்ளிருந்து குரல் அமுங்கித்தான் வரும். மூடியைத் திறந்து வைத்தார், சரியாகிவிட்டது. கம்பி ஹெட்செட்டும் ஆர்டர் செய்துவிட்டாராம்.