வெளிநாட்டுக் கேம் கன்சோலைச் சாக்கெட்டில் செருகும் முன்

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட், உலகின் பெரும்பகுதியில் 220 முதல் 240 வோல்ட் வரை. ஜப்பானுக்கென்று செய்த கன்சோலை 230 வோல்ட் சாக்கெட்டில் செருகினால், அது தாங்க வேண்டியதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான மின்னழுத்தம் அதற்குக் கிடைக்கும். பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றித் தரும் சிறு இணைப்பான் வோல்ட்டை மாற்றாது.

ஆகவே முதலில் அடாப்டரின் அடியிலோ கன்சோலின் பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். உள்ளீடு 100–240 வோல்ட் என்றிருந்தால், நிண்டெண்டோ சுவிட்ச், பிளேஸ்டேஷன் 5 போன்றவற்றில் இருப்பதுபோல, பிளக் இணைப்பான் ஒன்றே போதும். 100 அல்லது 120 என்று மட்டும் இருந்தால் வேறு ஏற்பாடு தேவை.

பழைய கன்சோல்களில் மின்சாரத்தை மாற்றும் பகுதி பெரும்பாலும் தனி அடாப்டராகவே இருக்கும். சுவரிலிருந்து வருவது எத்தனை வோல்ட் என்பது அடாப்டரின் பாடு. கன்சோலுக்குத் தேவை அதிலிருந்து வெளிவரும் மின்சாரம் மட்டுமே. அதனால் கனமான டிரான்ஸ்ஃபார்மரைத் தேடுவதைவிட, உங்கள் வீட்டு மின்னழுத்தத்திற்கு ஏற்ற நல்ல அடாப்டரை வாங்குவதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. புதிய அடாப்டரின் வெளியீட்டு வோல்ட் பழையதன் வெளியீட்டு வோல்ட்டுக்குச் சமமாகவே இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், ஏனெனில் கன்சோல் தனக்குத் தேவையான அளவையே எடுத்துக்கொள்ளும்.

மிகுந்த கவனம் வேண்டியது இதற்கடுத்த இடத்தில்தான். பிளக் முனையின் நடுப்பகுதி நேர்மின்னா எதிர்மின்னா என்பதை லேபிளில் உள்ள வட்டக் குறி காட்டும். சேகா நிறுவனத்தின் பழைய கன்சோலான மெகா டிரைவின் முதல் மாடலில் நடு எதிர்மின், இரண்டாம் மாடலில் நடு நேர்மின். பெயர் ஒன்று என்பதற்காக அடாப்டரும் ஒன்றாகிவிடாது. நிண்டெண்டோவின் பழைய ஜப்பானியக் கன்சோலான ஃபேமிகாமுக்கு, ஒரே திசையில் பாயும் டிசி மின்சாரம் வேண்டும். ஆனால் அதன் அமெரிக்க வடிவமான நிண்டெண்டோ என்டர்டெய்ன்மென்ட் சிஸ்டத்துடன் வந்த அடாப்டர், திசை மாறி மாறிப் பாயும் ஏசி மின்சாரத்தை 9 வோல்ட்டில் தருவது. அதை ஃபேமிகாமில் செருகினால் கன்சோல் பழுதாகும். வெளியீட்டு வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்தும் சுற்று இல்லாத பழைய அடாப்டரை, வோல்ட் அளக்கும் கருவியான மல்டிமீட்டரில் அளந்தால், சுமை இல்லாத நிலையில் குறித்ததைவிடச் சில வோல்ட் கூடுதலாகவே காட்டும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

முதல் பிளேஸ்டேஷன் போல மின்வழங்கி உள்ளேயே இருக்கும் கன்சோலுக்கு வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர்தான் வழி. ஜப்பானியக் கன்சோலுக்கு 100 வோல்ட் தருவதையே வாங்குங்கள், 120 வேண்டாம். கன்சோல் எடுக்கும் வாட்டைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு திறன் அதற்கு இருக்கட்டும். முடி உலர்த்திக்காக விற்கும் இலேசான பயண மாற்றிகள் மின்னலையை வெட்டித் தருபவை. கன்சோலுக்கு அவை ஒருபோதும் ஆகா. டிரான்ஸ்ஃபார்மர் ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரத்தின் அதிர்வெண்ணை, மாற்றாது என்பதால், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் குறித்த பழைய அடாப்டரை அதன் வழியே 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இயக்கினால் கூடுதலாகச் சூடாகும். முதல் அரை மணி நேரம் அருகிலேயே இருந்து, அடிக்கடி தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடோ கருகிய வாசனையோ தெரிந்தால் உடனே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிடுங்கள்.