கேம் லேக் அடிக்கிறதா? புது போனுக்கு முன்னால் சூட்டைக் கவனியுங்கள்

பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் முதல் பத்து நிமிடம் அருமையாக ஓடும். கடைசி வட்டம் சுருங்கி, பாறைக்குப் பின்னாலிருந்து ஒருவன் தலையைத் தூக்கும் நேரம் பார்த்துத் திரை திக்கும். பக்கத்தில் இருப்பவர் உடனே "ரேம் பத்தல மச்சி, வேற போன் வாங்கு" என்பார். ரேம் பற்றாக்குறை பெரும்பாலும் இப்படித் தெரியாது. வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கேம் மறுபடி லோகோவிலிருந்து திறக்கிறதா, அதுதான் ரேம் போதவில்லை என்பதற்கு அடையாளம். நன்றாக ஓடிக்கொண்டிருந்து, கொஞ்ச நேரம் கழித்துத் திணறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டை. எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது படம், திரையில் வருகிறது என்ற கணக்கு) 60-இலேயே நிற்க, எதிரி மட்டும் இங்கிருந்து அங்கே தாவினால் அது நெட்வொர்க் பிரச்சினை. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, ரவுட்டர் இருக்கும் அறையில் உட்கார்ந்து பாருங்கள்.

சில கேமிங் போன்களைத் தவிர எதற்குள்ளும் ஃபேன் கிடையாது. சிப்பில் உண்டாகும் சூடு பின்பக்கம், ஓரச் சட்டம், திரை வழியாகத்தான் வெளியேற வேண்டும். வெளியேறாமல் தேங்கினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒவ்வொரு ஃபிரேமையும் சுமார் 16.7 மில்லிநொடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும், 90 என்றால் சுமார் 11 மில்லிநொடிதான் கிடைக்கும். வேகம் குறைந்த சிப்புக்கு அந்த நேரம் போதாமல் போவதைத்தான் நாம் லேக் என்று திட்டுகிறோம். வீடியோ எக்ஸ்போர்ட் பாதி வரை ஓடிவிட்டு அப்புறம் ஊர்வதற்கும் அநேகமாக இதே காரணம்தான். வேலூரிலும் மதுரையிலும் கத்திரி வெயிலில் 40 டிகிரி சாதாரணம்; ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் வெப்பநிலையே 0 முதல் 35 டிகிரி வரைதான்.

உங்கள் போன் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். 3டிமார்க் ஆப்பில் வைல்ட் லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, ஒரே காட்சியை 20 முறை ஓட்டி ஒவ்வொரு சுற்றுக்கும் மதிப்பெண் போடும். விளம்பரத்தில் வருவது முதல் சுற்று வேகம், நீங்கள் கடைசி வட்டத்தில் ஆடுவது இருபதாவது சுற்று வேகத்தில். கவர் போட்டு ஒருமுறை, போனை நன்றாக ஆறவிட்டுக் கவரைக் கழற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தடித்த ரப்பர் கவர் என்றால் வித்தியாசம் தெரிய வாய்ப்பு அதிகம்.

சூட்டைக் குறைக்கக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. கவரைக் கழற்றுங்கள், மெத்தையிலோ தலையணையிலோ வைத்து ஆடாதீர்கள், ஃபேன் காற்று போனின் முதுகில் படுகிற மாதிரி உட்காருங்கள், பிரைட்னஸை ஆட்டோவில் விடாமல் கண்ணுக்குப் போதுமான அளவில் நிறுத்துங்கள். சிக்னல் ஒரே ஒரு கோட்டில் இருக்கும் இடத்தில் மொபைல் டேட்டாவில் ஆடினால், டவரை எட்டுவதற்காக மோடம் கூடுதல் சக்தி எடுக்கும், அதுவும் சூடுதான். எல்லாவற்றையும் விட மோசமானது சார்ஜில் போட்டுக்கொண்டே ஆடுவது. பேட்டரியும் சூடாகும், சிப்பும் சூடாகும், இரண்டும் ஒரே டப்பாவுக்குள். சில போன்களில் பைபாஸ் சார்ஜிங் உண்டு. மின்சாரம் பேட்டரிக்குப் போகாமல் நேராக போனை ஓட்டும். சாம்சங்கின் பல மாடல்களில் கேம் பூஸ்டருக்குள் யூஎஸ்பி பவர் டெலிவரியை நிறுத்திவைக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது, அது இதற்குத்தான். உங்கள் போனில் அப்படி எதுவும் இல்லையென்றால் முதலிலேயே சார்ஜ் ஏற்றிவிட்டு ஒயரைப் பிடுங்கிவிட்டு ஆடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், வெளியே எடுத்ததும் உள்ளே நீர்த்துளி படியும்.

இனி கேம் செட்டிங்ஸ். கிராஃபிக்ஸ் ஸ்மூத், ஃபிரேம் ரேட் எக்ஸ்ட்ரீம், அதாவது 60. பிஜிஎம்ஐயில் பெரும்பாலான போன்களுக்கு இது போதும். புல்லும் நிழலும் அழகாகத் தெரிந்து உங்களுக்கு ஒரு கில்லும் கூடப்போவதில்லை. நடுத்தர போனில் 60 நிலைக்கவில்லை என்றால் ஃபிரேம் ரேட்டை அல்ட்ராவுக்கு, அதாவது 40-க்கு இறக்குங்கள். 60-க்கும் 35-க்கும் நடுவே ஊசலாடும் போனை விட 40-இல் அசையாமல் நிற்கும் போனில் குறி நன்றாக விழும், ஏனென்றால் விரல் ஒரே தாளத்துக்குப் பழகிவிடும். பூட்டியிருக்கும் 90-ஐத் திறந்து தருகிறேன் என்று சொல்லும் ஜிஎஃப்எக்ஸ் டூல்கள் கேமின் ஃபைல்களில் கை வைப்பவை. தடை விழுந்து அக்கவுன்ட் போனால் திரும்பி வராது, அதனால் நான் யாருக்கும் சொல்வதில்லை.

டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்தால் (பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் வரும்) அனிமேஷன் அளவுகள் மூன்றையும் 0.5 ஆக்கலாம். போன் சுறுசுறுப்பாகத் தெரியும், கேமுக்குப் பெரிய பயன் இல்லை. அங்கேயே இருக்கும், படத்தின் ஓரங்களை வழவழப்பாக்கும் 4எக்ஸ் எம்எஸ்ஏஏவை யூடியூபில் சிலர் ஆன் செய்யச் சொல்வார்கள். அது ஜிபியூவுக்கு (படம் வரையும் சிப்புக்கு) சுமையைக் கூட்டுவது, ஆஃபிலேயே இருக்கட்டும்.

ரேம் கிளீனர், பூஸ்டர் ஆப்களை நீக்கிவிடுங்கள். எந்த ஆப்பை வைத்திருப்பது, எதை மூடுவது என்பதை ஆண்ட்ராய்டே பார்த்துக்கொள்ளும். கிளீனர் வலுக்கட்டாயமாக மூடியவை மறுபடி முதலிலிருந்து திறக்கும்போது இன்னும் வேலை வைக்கும், போதாக்குறைக்கு விளம்பரம் வேறு. "8 ஜிபி பிளஸ் 8 ஜிபி" என்று பெட்டியில் போடுகிறார்களே, அந்த இரண்டாவது எட்டு ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. பின்னணியில் ஆப்கள் கொஞ்சம் கூடுதலாகத் தங்கும், எஃப்பிஎஸ் அதிகரிக்காது.

வீடியோ எடுப்பவர்களுக்கு ஸ்டோரேஜ்தான் அடுத்த தலைவலி. முக்கால்வாசிக்கு மேல் நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையும், அதனால் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக வையுங்கள். ஐபோனின் கேமரா செட்டிங்ஸே கணக்குக் காட்டும்: 1080பி 30-இல் நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி, 4கே 30-இல் 170 எம்பி, 4கே 60-இல் 400 எம்பி. ஒரு கல்யாணத்தில் நாற்பது நிமிடம் 4கே 60-இல் எடுத்தால் 16 ஜிபி. மண்டபத்தில் ஃபோகஸ் லைட் வெப்பம், கையில் கிம்பல், போனில் கவர், பிரைட்னஸ் முழுதாக. கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் "போன் சூடாக இருக்கிறது" என்று சொல்லிக் கேமரா மூடிக்கொண்டால் மாப்பிள்ளையை இன்னொரு முறை தாலி கட்டச் சொல்ல முடியாது. ரீல்ஸுக்கு 1080-க்கு 1920 போதும். எனவே முழு நிகழ்வையும் 1080பி 30-இல் எடுங்கள், ஸ்லோமோஷன் ஆக்கப்போகும் சின்னச் சின்ன ஷாட்டுக்கு மட்டும் 60 வையுங்கள், சடங்குகளுக்கு நடுவே கேமரா ஆப்பை மூடிப் போனை ஆறவிடுங்கள்.

எடிட்டிங்கில், வீடியோவை அதிகம் சுருக்கும் எச்265 வகை ஃபைல் சின்னதாக இருக்கும், ஆனால் பழைய போனில் டைம்லைனை இழுத்தால் திக்கும். இடம் இருந்தால் பழைய வகையான எச்264-இல் எடுப்பது நிம்மதி. விஎன், கைன்மாஸ்டர் போன்ற ஆப்கள் முடிந்த புராஜெக்ட்டுகளின் கேஷை (தற்காலிக ஃபைல்களை) சேர்த்துக்கொண்டே போகும், அவ்வப்போது அழியுங்கள். எக்ஸ்போர்ட் கொடுத்துவிட்டு இன்ஸ்டாகிராம் உருட்டப் போகாமல் போனை வெறும் டைல்ஸ் தரையில் வைத்து ஃபேனைப் போடுங்கள். கேம்பிளே ரெக்கார்ட் செய்பவர்கள் கேமை 60-இலும் ரெக்கார்டிங்கை 720பியிலும் வைத்துத் தொடங்கி, சூடு தாங்கினால் மேலே ஏற்றுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் திணறினால் பேட்டரியைப் பாருங்கள். பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைக் குறைப்பதாக ஆப்பிளே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது, பேட்டரி மாற்றியவர்களுக்கு வேகம் திரும்பியது. ஆண்ட்ராய்டிலும் தேய்ந்த பேட்டரி அதிகம் சூடாகும், சீக்கிரம் இறங்கும். பெரிய அப்டேட் வந்த ஓரிரு நாளில் வரும் மந்தத்துக்கு மட்டும் பயப்பட வேண்டாம். பின்னணியில் ஆப்களைச் சரிசெய்து, போட்டோக்களை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும், தானே அடங்கும். பேட்டரியும் நன்றாக இருந்து, ஸ்டோரேஜ் இஎம்எம்சி என்ற பழைய, மெதுவான வகை என்றால்தான் புது போன் பேச்சு. அது நொடிக்குச் சுமார் 300 எம்பிதான் படிக்கும், யூஎஃப்எஸ் 3.1 என்ற வேகமான வகை என்றால் 2000 எம்பி வரை போகும். கடைக்காரர் ரேமைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் இதைக் கேளுங்கள்.